‘ண’ மேல் ஒரு புள்ளி

“இவர்கிட்ட வேண்டாம். வண்டியத் திருப்புங்க.”

கண் ஆஸ்பத்திரி வாசலில் கணவர் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு கூடப் போட்டு முடிக்கவில்லை. அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

“இன்னும் உள்ளயே போகலையே?”

“பலகையைப் பாருங்க. ‘கண மருத்துவர்’னு போட்டிருக்கு. ‘ண’ மேல புள்ளி இல்ல. ஒரு புள்ளிய எடத்துல வைக்கத் தெரியாத ஆளு, என் கண்ணுல கத்திய வைக்கப் போறாரா?”

கணவர் அண்ணாந்து பார்த்தார். புள்ளி இருப்பது போலத்தான் அவருக்குப் பட்டது. ஆனால் எழுத்து விஷயத்தில் மனைவியோடு வாதாடி அவர் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. வண்டியைத் திருப்பினார்.

அச்சகத்தில் அவளுக்குப் ‘புள்ளியம்மா’ என்று பெயர். புத்தகமோ துண்டறிக்கையோ, எதுவானாலும் அவள் பிழை திருத்திக் கொடுத்த பிறகுதான் இயந்திரத்தில் ஏறும். அந்தக் கண்கள் இரண்டிலும் இப்போது புரை. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவை மாதிரி எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆயுசு முழுக்கப் பழகிய வேலை. சொல்லின் தலையோ வாலோ தெரிந்தால் போதும், மீதியை மனசே படித்துவிடும்.

நம்பகமான சர்ஜன் யார் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரு பெயர் இருந்தது. நம்புவதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள்தான் அவளுக்குச் சிரிப்பை வரவழைத்தன. மாடி வீட்டுக்காரர் ‘கைராசி’ என்றார். எதிர்வீட்டு டீச்சர் நம்பிய டாக்டருக்கு ஒரே தகுதி, அவரைப் பார்க்க லேசில் நேரமே கிடைக்காது என்பது. நாத்தனார் ஒரு படி மேலே போனாள்.

“அண்ணி, அந்த டாக்டர் எவ்வளவு தன்மையாப் பேசுவார் தெரியுமா? அவர் பேசுறதக் கேட்டாலே பாதி நோவு போயிடும்.”

“மீதிப் பாதிக்கு யாரப் பார்க்கணும்?”

நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்த முகத்தை இறக்கி வைப்பதற்காகவே அந்த டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று.

அங்கேயும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“‘அறுவை சிகிச்சை’யாம். நடுவுல ஒரு ‘ச்’ எங்க?”

“அது இல்லேன்னா என்ன? கண்ணு மரத்துப்போக மருந்து இருந்தாப் போதாதா?” என்று கணவர் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். நாத்தனார் சொன்ன தன்மை முகமெல்லாம் வழிந்தது. சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் காட்டினார்.

“கடைசி வரியப் படிங்கம்மா.”

“படிக்கிற மாதிரியா அடிச்சிருக்காங்க? மை ஊறிப் போய், எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடக்கு. எந்த அச்சகத்துல குடுத்தீங்க?”

“அட்டை சரியாத்தாம்மா இருக்கு. உங்களுக்குப் புரை முத்திடுச்சு. சீக்கிரம் எடுத்துடணும்.”

படியிறங்கும்போது அவள் கணவரைக் கேட்டாள்: “அட்டையில இருக்கிற தப்பையே ஒத்துக்காதவரு, ஆபரேஷன்ல தப்புப் பண்ணினா ஒத்துக்குவாரா?”

செய்தி எப்படியோ நாத்தனாருக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் போன் பண்ணுவதையே நிறுத்திக்கொண்டாள். கணவரும் வீட்டில் அளந்துதான் பேசினார்.

காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் தன் முகம் சரியாக அழிக்காத பென்சில் கோடு மாதிரி தெரிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. எல்லாருடைய தப்பும் இத்தனை காலம் அவள் கண்ணுக்குக் கீழேதான் வந்து கிடந்தது. இப்போது அவள் இன்னொருவர் கண்ணுக்குக் கீழே, இமையைக்கூட மூட முடியாமல், மல்லாந்து கிடக்க வேண்டும். ஆனால் பயப்படுகிறவளாக இருப்பதைவிட இளக்காரம் செய்கிறவளாக இருப்பது கௌரவமாக இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அச்சகத்தில் முதலாளி வாசலிலேயே காத்திருந்தார். கையில் ஒரு பாராட்டுப் பத்திரம். ஏதோ கம்பெனி தன் மேலாளருக்குக் கொடுப்பதற்காக அடிக்கச் சொன்னது, அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. ‘இந்த ஆண்டின் சிறந்த மேலாளர்’ என்று இருக்க வேண்டும். ‘இந்த ஆண்டின் இறந்த மேலாளர்’ என்று இருந்தது.

“அந்த மேலாளர் நேர்லயே வந்து, உயிரோடதான் இருக்கேன்னு காட்டிட்டுப் போறார்” என்றார் முதலாளி. “புள்ளியம்மா, மொதல்ல கண்ண சரி பண்ணிக்கிட்டு வாங்க. சீக்கிரமே அகராதி வேலை ஆரம்பிக்குது. அதுக்குள்ள நீங்க வரலேன்னா அந்தப் புதுப் பொண்ணுகிட்டதான் குடுக்கணும்.”

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் காத்துக் கிடந்த அகராதி அது. அந்தப் புதுப் பெண்ணோ, “ஒற்றுன்னா ஒற்றுமையா மேடம்?” என்று கேட்டவள்.

அன்று மத்தியானமே கணவரின் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள்.

“இன்னிக்கே ஒரு டாக்டரப் பாருங்க. யாராயிருந்தாலும் சரி.” நாலடி நடந்தவள் திரும்பி, “பலகை மட்டும் ஒழுங்கா இருக்கணும்” என்றாள்.

அடுத்த தெருவில் புதிதாக ஒரு கண் ஆஸ்பத்திரி திறந்திருந்தார்கள். கணவர் அங்கே கூட்டிப் போனார். வாசலுக்கு மேலே பெரிய வெள்ளைப் பலகை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையை உயர்த்தி அடக்கினாள். கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“‘கண் மருத்துவர்.’ ‘ண’ மேல புள்ளி கணக்கா உக்காந்திருக்கு. ‘அறுவைச் சிகிச்சை நிபுணர்.’ அடடா, ‘ச்’ கூடப் போட்டிருக்காருங்க! பாத்தீங்களா, பலகைன்னா இப்படி இருக்கணும்.”

கணவர் பலகையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆமா. ஒரு தப்பும் இல்ல.”

“இவரை நம்பிக் கண்ணக் குடுக்கலாம். இத்தன நாள் அலைஞ்சதுக்கு இன்னிக்குத்தான் ஒரு சுத்தமான ஆளு கிடைச்சாரு.”

பின்னால் யாரோ பெயிண்ட் டப்பாவைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, ஏணி வைக்கணும். வெறும் பலகைய மாட்டிட்டுப் போயிட்டாங்க, இனிமேதான் எழுதவே ஆரம்பிக்கணும்.”