சுதி அண்ணாத்தேயின் ஐஸ் பெட்டிக் கச்சேரி

அடுத்த வாரம் எந்த சபாவில் யார் பாடுகிறார்கள், எந்த மொட்டை மாடியில் யார் தகர டப்பாவைத் தட்டிப் புதுமை செய்கிறார்கள் என்று போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறீர்களே, உங்கள் வீட்டில் தேய்க்கப் பாத்திரம் எதுவும் இல்லையா? அது போதாதென்று என்னிடம் வந்து, 'நீங்கள் பார்த்த கச்சேரி ஒன்றைச் சொல்லுங்கள்' என்று நச்சரிப்பு வேறு. தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப் போகிறீர்கள்? சரி, கேட்டுத் தொலையுங்கள். ஒரே ஒரு ரசிகையை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கச்சேரி நடத்தியவர், இந்த மெட்ராஸிலேயே எங்கள் மேனாம்பேடு சுதி அண்ணாத்தே ஒருவர்தான். அந்த ரசிகை நான். எதிர்வீடு. தப்பிக்க வழியில்லை.

சொந்தப் பெயர் ஏதோ ஒன்று இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். மிஷின் கெட்டுப்போவதற்கு முன்பே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். "இதுக்கு சுதி எறங்கிடுச்சி, நாளைக்குப் படுத்துக்கும்" என்பார். மறுநாள் படுத்துக்கொள்ளும். அவருடைய இரண்டு விரல்களை மிஷின் எடுத்துக்கொண்ட அன்றைக்குக்கூட, ரத்தம் ஒழுக ஒழுக, "அப்பவே சொன்னேனா இல்லியா, சுதி சரியில்லன்னு?" என்று சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனாராம்.

வேலையிலிருந்து நின்றதும் வாசல் கேட்டில் ஒரு சிலேட்டுப் பலகையைத் தொங்கவிட்டார். 'வருகிற ஞாயிறு மாலை நான்கு மணி. கிரைண்டரும் நானும்.' அடுத்த வாரம், 'டிரான்ஸ்பார்மரும் நானும். மழை வந்தால் ரத்து.' எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு, அதைப் படித்து முடிப்பதற்குள் கச்சேரியே ஆரம்பித்துவிடும். கிரைண்டரை வெறுமனே ஓடவிட்டு, அது போடும் ஒரே சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பாடுவார்.

"அரிசியாச்சும் போடு அண்ணாத்தே, மாவாவது மிஞ்சும்" என்பேன்.

"அரிசி போட்டா சுதி கெட்டுடும் தங்கச்சி."

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர் மேரியக்கா. சர்ச் பாடகர் குழுவில் அவர் குரல்தான் முதல் குரல். மகன் ஸ்டீபனும் அம்மா பக்கத்தில் நின்று பாடிப் பாடி வளர்ந்தவன். ஒரு மழைக்காலத்தில் மேரியக்கா காய்ச்சலில் போய்விட்டார். மூன்றே நாள் காய்ச்சல்.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் முதலில் வருவது வாடகை ஐஸ் பெட்டி. உடம்பை அதில் வைத்துக் கண்ணாடி மூடியைப் போட்டு பிளக்கைச் சொருகினால், அடக்கம் வரைக்கும் 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சலாக இருக்கும். மேரியக்காவைச் சுற்றி நின்று சர்ச் ஆட்கள் பாட ஆரம்பித்தார்கள். சுதி அண்ணாத்தே கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. பொட்டி ஒரு சுதில கீது, நீங்க வேற சுதில பாடுறீங்க. எறக்கிப் பாடுங்க."

பாஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டார். ஸ்டீபனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"எங்கம்மா செத்துக் கெடக்குது. உனுக்கு சுதி கேக்குதா? நீயெல்லாம் மனுசனாப்பா?"

அம்மா குழியில் மண்ணைத் தள்ளிவிட்டு முத்தாபுதுப்பேட்டைக்குப் போனவன், மூன்று வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்பன் போன் போட்டால் எடுக்கவும் மாட்டான்.

அடக்கம் முடிந்த அன்றைக்கு நானும் திட்டத்தான் போனேன். அண்ணாத்தே அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். "அவ கடைசியா படுத்துனு இருந்த எடத்துல இருந்து வந்த சுதி தங்கச்சி அது. அவ முன்னாடி தப்பா பாட உடுவேனா?" என்றார். நான் கொண்டுபோன திட்டு அத்தனையையும் திரும்ப வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பைத்தியம் முற்றியது. அந்தப் பெட்டியைத் தேடக் கிளம்பிவிட்டார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு சுதியாம். எங்கே சாவு என்று கேட்டாலும் மாலையோடு போய், பெட்டிமேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அவர் உருகி உருகிச் சாய்ந்திருப்பதைப் பார்த்து, ஒரு வீட்டில் செத்தவருக்குச் சின்ன வயதில் காணாமல்போன தம்பி இவர்தான் என்று முடிவுகட்டி, சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். சேக்காட்டில் ஒரு சாவு வீட்டில் காதை வைத்தவர், துள்ளி எழுந்து, "கெடச்சிடுச்சி!" என்று கத்திச் சிரித்திருக்கிறார். அங்கே போட்டது சாப்பாடு இல்லை. உதடு கிழிந்து வந்தார்.

மருந்து போடும்போது பக்கத்தில் நின்று பேசினேன். அவர் என் வாயையே பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, காது கேக்கலியா?"

"எடது காது எப்பவோ போச்சி. வலதும் போய்க்கினே கீது. மிஷின் பக்கத்துலயே நின்னேனில்ல. டாக்டரு, கொஞ்ச நாள்தான்னுட்டாரு. அதுக்குள்ள மேரி சர்ச்சுல பாடுற பாட்ட அந்த சுதில சரியா பாடணும். ஸ்டீபன் கேக்கணும்."

பலகையில் எழுதிவிட்டார். 'வருகிற ஞாயிறு மாலை நான்கு மணி. மேரியின் பாட்டு. ஐஸ் பெட்டியும் நானும். முதல் நாற்காலி மகனுக்கு.' அந்தப் பலகையைப் படிப்பதை எங்கள் தெரு நிறுத்திப் பல வருஷமாகிறது.

ஞாயிறு மூன்று மணிக்கு வேனில் அந்தச் சேக்காட்டுப் பெட்டி வந்தது. "யாருக்கு நைனா?" என்று டிரைவர் கேட்டார். "எனுக்குத்தான்" என்றார் அண்ணாத்தே. டிரைவர் பெட்டியை வராண்டாவில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியை விட்டார். அண்ணாத்தே பிளக்கைச் சொருகிவிட்டு, குளித்து உடுத்த உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு பெட்டி தெருவுக்குள் நுழைந்தால் இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. வேலையைப் பார்ப்பார்கள். பத்து நிமிஷத்தில் நாற்காலிகள் வந்தன, மாலைகள் வந்தன. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டு, "குளிப்பாட்டுறாங்க போல, பாவம்" என்று அயர்ன்காரர் கண்ணைத் துடைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஸ்டீபனுக்குப் போன் போட்டேன். "ஊட்டுக்குப் பொட்டி வந்துடுச்சிடா" என்றேன். அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு முன்பே வந்துவிட்டான். செருப்பில்லாமல் ஓடி வந்து காலிப் பெட்டிமேல் விழுந்து, "அப்பா, போன எடுக்காம உட்டேனேப்பா" என்று அலறினான்.

கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை, முகம் நிறைய பவுடர். "பொட்டி மேல சாயாதடா, சுதி மாறிடும்" என்றார் அண்ணாத்தே.

இரண்டு பேர் மயக்கம் போட்டார்கள். பூக்காரம்மா மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். ஸ்டீபன் எழுந்தான். "சாவுல கூட வெளையாடுவியா நீ?" என்று விறுவிறுவென்று கேட்டை நோக்கி நடந்தான்.

அண்ணாத்தேக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. கண்ணை மூடிப் பாட ஆரம்பித்துவிட்டார்.

பாட்டு அபஸ்வரம். பெட்டி ஒரு பக்கம் போகிறது, குரல் வேறு பக்கம் போகிறது. ஊரிலுள்ள மிஷினுக்கெல்லாம் சுதி சொன்ன மனிதர், தன் சுதி தெரியாமல் முகத்தை நிமிர்த்திப் பாடிக்கொண்டே இருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை. நான் தரையைப் பார்த்தேன்.

கேட்டைப் பிடித்தபடி நின்ற ஸ்டீபன் திரும்பி வந்தான். "அப்பா, சுதி தப்பு" என்றான். அவர் பாடிக்கொண்டே இருந்தார். "அப்பா!" என்று கத்தினான். கேட்கவில்லை. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அப்பாவின் மூன்று விரல் கையை எடுத்து, பெட்டி மூடியில் வைத்து அழுத்தினான். அந்த அதிர்வு உள்ளங்கையில் ஏறியதும் அண்ணாத்தே பாட்டை நிறுத்தினார். மெல்ல, குரலை இறக்கி இறக்கிக் கொண்டுவந்தார். குரல் பெட்டியோடு சேர்ந்த இடத்தில் ஸ்டீபனும் சேர்ந்துகொண்டான். மேரியக்காவின் பாட்டு முழுசாக ஒரு தடவை பாடப்பட்டது.

இப்போது இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. ஞாயிறுதோறும் ஸ்டீபன் வந்து அவர் கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு பாடுகிறான்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் தெருவே என்னைச் சூழ்ந்துகொண்டது. "உசுரோட கீறவருக்குச் சாவு சேதி சொன்னியே ஆயா, உனுக்கு மனசாட்சியே இல்லியா?" என்று பிடித்துக்கொண்டார்கள்.

"பொட்டி எனுக்குத்தான்னு சொல்லிட்டு கதவ சாத்திக்கினாரே, இன்னா பண்ணிக்குவாரோன்னு, சேதி சொல்றதுக்கு மின்ன நான் பூனை மாரி போயி ஜன்னல்ல எட்டிப் பாத்தேன்டி. ரெண்டு வெரலு இல்லாத கையால சட்டைக்குப் பட்டன் போட்டுகினு இருந்தாரு. அதப் பாத்தப்புறம்தான் எனுக்கே மூச்சு வந்துச்சி" என்றேன்.