லிப்டில் நின்ற ஆய்வு

மனித அறிவின் உச்சம் எது என்று கேட்டால் சிலர் சக்கரம் என்பார்கள், சிலர் தடுப்பூசி என்பார்கள். பாவம், அவர்கள் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு சனிக்கிழமை மதியம்கூட உட்கார்ந்ததில்லை. நோயாளிகள் வராத அந்த நேரத்தில்தான் ‘மேசைக் கதை விளையாட்டு ஒப்பீட்டுக் குழு’ இரண்டரை ஆண்டுகளாக அங்கே கூடி வருகிறது.

விளையாட்டு எளியது. மேசையைச் சுற்றி நாலு பேர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாக, திருடனாக, மந்திரவாதியாக மாறிப் பேசுவார்கள். ஆபத்து வந்தால் பகடையை உருட்டி, ஆள் பிழைத்தானா செத்தானா என்று பார்ப்பார்கள். இதை ஆட உலகில் ஏகப்பட்ட விதிமுறைகள் உண்டு. எது சிறந்தது என்று தெரியாமலே ஆடிவிடுகிறவர்கள் சாமானியர்கள். குழு அந்தத் தவறைச் செய்யவில்லை. இதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

குழுத் தலைவர் எடைக்கல் முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது உத்தியோகம். எதிர்த்தட்டில் இன்னொன்றை வைக்காமல் எதையும் அவருக்குப் பார்க்கத் தெரியாது. நண்பர்கள் ‘நடுவர்’ என்றே கூப்பிட்டார்கள். குழுவின் நாற்பத்தொரு பக்க அட்டவணை அவர் கைவண்ணம்தான்: இடப்பக்கம் பலம், வலப்பக்கம் பலவீனம்.

அந்தச் சனிக்கிழமை அவர் கூட்டத்திலிருந்து சீக்கிரமே எழுந்தார். தங்கைக்குப் பதிவுத் திருமணம். பெற்றோர் இல்லை, பெண் வீட்டுச் சாட்சி அவர் ஒருவர்தான். மூன்றரைக்குப் பதிவாளர் கூப்பிடுவார், நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். “வேற யாரையும் கூப்பிடலண்ணா. நீ வந்து கையெழுத்துப் போட்டா போதும்,” என்று தங்கை காலையிலேயே சொல்லியிருந்தாள். பதிவு அலுவலகம் இரண்டு தெரு தள்ளித்தான். மூன்று மணிக்குப் பல் டாக்டரின் கட்டிட லிப்டில் ஏறினார். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது.

பழைய கம்பிக்கதவு லிப்ட். அண்ணாந்து பார்த்தால் மூன்றாம் மாடித் தரையும், சத்தம் கேட்டு ஓடி வந்த பல் டாக்டர், ஓவிய டீச்சர், நூலகர் என்று குழுவின் மற்ற மூவரின் செருப்புகளும் தெரிந்தன. உள்ளே சிவப்பாக ஒரு மணி இருந்தது. அமுக்கினால் காவலாளி இறக்கிவிடுவார். நடுவரின் விரல் அதை நோக்கிப் போனது.

“அமுக்காதீங்க சார். ஒரு நிமிஷம்,” என்றார் பல் டாக்டர்.

அவர் குரல் நடுங்கியது. பெரிய கண்டுபிடிப்புகளுக்கு முன்னால் அப்படித்தான் நடுங்குமாம். இரண்டரை வருஷமாகக் காகிதத்தில் ஒப்பிட்டது போதும், இதோ உண்மையான ஆபத்து, ஒரே ஆள், ஒரே லிப்ட், ஆளுக்கொன்றாகத் தாங்கள் முன்மொழிந்த மூன்று முறைகளையும் இதில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றார். நடுவர் தங்கையை நினைத்தார். அட்டவணையையும் நினைத்தார். ஐந்து நிமிடம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு விரலை எடுத்துக்கொண்டார்.

முதலில் பல் டாக்டர் முன்மொழிந்த முறை. அறுநூற்று நாற்பது பக்கம். பலம்: எல்லாவற்றுக்கும் விதி உண்டு. பலவீனம்: அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். இருபது முகப் பகடையில் மூன்று விழுந்தது. படுதோல்வி; லிப்ட் அறுந்து கீழே போகிறது. ஆனால் படும் அடி ‘உயரத்திலிருந்து வீழ்தல்’ அத்தியாயத்தில் வருமா, ‘வாகன விபத்து’ அத்தியாயத்தில் வருமா என்பதில் கருத்து வேறுபாடு. லிப்ட் வாகனம்தான் என்று நடுவர் உள்ளிருந்தபடியே சான்றளித்தார். அதற்குள் மணி மூன்று இருபது. போன் அடித்தது. வந்துகொண்டே இருப்பதாகத் தங்கையிடம் சொன்னார், ஓர் அங்குலமும் நகராமல்.

அடுத்தது ஓவிய டீச்சருடையது. பகடையே கிடையாது, பாத்திரத்தின் உள்ளம்தான் எதையும் தீர்மானிக்கும். டீச்சர் தரையில் மண்டியிட்டு, மனதில் இப்போது என்ன ஓடுகிறது என்று இடைவெளி வழியே விசாரித்தார்.

“தங்கச்சி காத்துக்கிட்டு இருக்கா,” என்றார் நடுவர்.

“அந்தக் காத்திருப்பு என்ன நிறம் சார்?”

நடுவர் கண்ணை மூடி யோசித்தார். மனப்பூர்வமாகவே யோசித்தார். பழுப்பா, சாம்பலா என்று ஒரு முடிவுக்கு வருவதற்குள் மணி மூன்று நாற்பது. போன் விடாமல் அடித்தது. ஆய்வின் அமைதி கெடுகிறதே என்று அதன் வாயை அடைத்துப் பையில் போட்டார்.

மூன்றாவது நூலகருடையது. மொத்தமே ஒரு தாள்தான். நூலகர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, ‘கைக்கெட்டுவதைப் பயன்படுத்து’ என்று வாசித்தார். வேறொன்றும் போடவில்லை என்று சங்கடத்தோடு சொன்னார்.

சிவப்பு மணி நடுவரின் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. மூவரும் அவர் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். அவர் இரண்டு தட்டிலும் மாற்றி மாற்றி வைத்து நிறுத்துப் பார்ப்பதற்குள் மணி நாலைத் தொட்டது. இந்த முறையில் சிக்கல் ஒரே நொடியில் தீர்ந்துபோகிறது, கலந்தாலோசிக்க இடமே இல்லை, ஆகவே வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். மேலே கைதட்டினார்கள். இரண்டரை ஆண்டுகளில் அவர் அவ்வளவு தெளிவாகத் தீர்ப்புச் சொன்னதில்லை.

வாளியோடு மாடியேறி வந்த துப்புரவு அக்கா இந்தக் காட்சியை ஒரு பார்வை பார்த்தார். எதோடும் எதையும் ஒப்பிடாமல், கைப்பிடிச் சுவரில் எக்கிக் காவலாளியைக் கூப்பிட்டார். இரண்டே நிமிடத்தில் லிப்ட் இறங்கியது. ஆய்வு கலைந்துபோனதில் டீச்சருக்கு மிகவும் வருத்தம்.

நடுவர் தலைதெறிக்க ஓடினார். பதிவு அலுவலகத்தை அடைந்தபோது நாலு பத்து, கதவில் பூட்டு. படிக்கட்டில் தங்கையும் மாப்பிள்ளையும் சான்றிதழின் நகலோடு நின்றிருந்தார்கள். திருமணம் பதிவாகியிருந்தது. அவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. நகலை வாங்கி, உத்தியோகப் பழக்கத்தில், வரிவரியாகச் சரிபார்த்தார். பெண் வீட்டுச் சாட்சி என்ற இடத்தில் முன்பின் தெரியாத ஒரு கோணல் கையெழுத்து. உறவு என்ற இடத்தில் ‘அண்ணன்’.

“யாரு இது?”

“எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு.”

நடுவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நன்றாகவே வலித்தது. வலித்ததால் விதியைப் பிடித்துக்கொண்டார். உறவே இல்லாத ஒருவர் அண்ணன் என்று எழுதுவது எந்த விதியின்படியும் செல்லாது, இவ்வளவு பெரிய பலவீனத்தைப் பதிவாளர் எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்று கேட்டார்.

தங்கை நகலை அவர் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தாள்.

“உனக்குப் பதினோரு தடவை போன் பண்ணேன். அவர்கிட்ட ஒரு தடவைதான் கேட்டேன். கடையைச் சாத்திட்டு வந்துட்டாரு.”