தேறாத பெங்குவின்

பெங்குவின் மறுபடியும் தண்ணீரில் விழுந்தது.

தொபுக்கடீர் என்று திரையில் நீலத் தண்ணீர் தெறிக்க, பலகை மேல் நின்றிருந்த தபால்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் எல்லோருக்கும் அவர் தபால்காரர்தான்.

"போச்சு டாக்டரம்மா. சாயணும்னுதான் பார்த்தேன். இடுப்பு பேச்சைக் கேக்கல."

"பரவாயில்லைய்யா, உக்காருங்க" என்றாள் டாக்டரம்மா. உண்மையில் அவள் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். வாய் வலித்ததுதான் மிச்சம்.

விளையாட்டு ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. தரையில் ஒரு பலகை. அதன் மேல் ஏறி நின்று இடப்பக்கம் சாய்ந்தால், திரையில் பனிக்கட்டி மேல் நிற்கும் பெங்குவினும் இடப்பக்கம் சறுக்கும். வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். விழாமல் மீன் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வயதானவர்களுக்குக் கால் தடுமாறாமல் நிற்கும் பலம் வரும் என்று ஆஸ்பத்திரி ஆசை ஆசையாய் வாங்கிப் போட்டது. வாங்கிய நாளிலிருந்து பெங்குவின் குளித்துக்கொண்டே இருக்கிறது.

காலையில்தான் பெரிய டாக்டர் அவளை நடைபாதையில் மடக்கினார்.

"என்னம்மா, உன் பெங்குவின் நீச்சலாவது கத்துக்கிச்சா?"

"கொஞ்சம் டைம் குடுங்க சார்."

"மாசக் கடைசி வரைக்கும். அதுக்குள்ள இன்னொருத்தராவது தேறலேன்னா அந்த ரூமை மருந்து ஸ்டோருக்குக் குடுத்துடுவேன். நீ பழையபடி எலும்பு முறிவு வார்டுக்கே போயிடு."

அந்த வார்டு அவளுக்கு நன்றாகத் தெரியும். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு வந்து, திரும்ப எழுந்து நடக்காமலே போனவர்களை அங்கே அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். அந்தக் கட்டில்களில், இப்போது பயிற்சிக்கு வரும் தபால்காரரை, தலைமையாசிரியையை, தையல்காரரைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. நாலாவதாக ஒருவர் உண்டு, கடிகாரம் பழுது பார்த்தவர். வருவார், விழுவார், உட்காருவார். அவர் வாயைத் திறந்து பேசி யாரும் பார்த்ததில்லை. அவரையும்தான் அவளால் அங்கே பார்க்க முடியாது.

களைப்பாக இருக்குமோ என்று முதலில் தோன்றியது. மீட்டிங் ஹாலில் சும்மா கிடந்த மெத்தை நாற்காலிகளைக் கெஞ்சி வாங்கி, ஒவ்வொன்றாக அவளே இழுத்துக்கொண்டு வந்து போட்டாள். முதுகு பிடித்துக்கொண்டது. நால்வரும் சாய்ந்து உட்கார, மூவர் "ஆகா" என்றார்கள். அந்த வாரம் மதிப்பெண் பாதியானது.

சுறுசுறுப்பு போதவில்லை போலிருக்கிறது என்று ஊழியர் அறையிலிருந்த காபி இயந்திரத்தை இந்த அறைக்கு இடம் மாற்றினாள். சக ஊழியர்கள் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. காபி வந்ததும் தையல்காரர் பிஸ்கட் கொண்டு வந்தார், தபால்காரர் ஊர்க் கதையெல்லாம் கொண்டு வந்தார். பேச்சு களைகட்டியது. பெங்குவின் முன்னைவிட வேகமாக விழுந்தது.

"மேடம், காலை நல்லா ஊன்றுங்க" என்று தலைமையாசிரியையிடம் மன்றாடினாள்.

"அவசரப்படக் கூடாதும்மா. அடிப்படை சரியா இருந்தாத்தான் பாடம் நிக்கும். முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு இதைத்தான் சொன்னேன்" என்றார் அவர், பிஸ்கட்டைக் காபியில் நனைத்தபடி.

பழைய பாட்டுப் போட்டால் உடம்பு தானாக அசையும் என்று யாரோ சொன்னார்கள். போட்டாள். தபால்காரரும் தலைமையாசிரியையும் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். பலகை பக்கம் ஒருவரும் போகவில்லை. டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

அப்போதுதான் வக்கீல் போன் செய்தார். இந்தக் கூட்டத்திலேயே தேறிய ஒரே ஆள் அவர்தான்.

"எல்லாரும் எப்படிம்மா இருக்காங்க? என்ன, பாட்டுச் சத்தம் கேக்குது?"

"ஆமா சார். நீங்க எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன, இருக்கேன். வீட்ல டிவி இருக்கு. மருமக வேலைக்குப் போயிடுவா, பசங்க காலேஜ் போயிடுவாங்க. நான் உக்காந்த ஜன்னலோர சீட்ல இப்ப யாரு?"

"தையல்காரர், சார்."

"ம்" என்றார் வக்கீல். போனை வைக்க ரொம்ப நேரமானது.

பாவம், நல்ல மனுஷர், மற்றவர்களைப் பற்றி எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டாள். சட்டென்று பொறி தட்டியது. பாட்டை நிறுத்திவிட்டு நால்வர் முன்னாலும் போய் நின்றாள்.

"வக்கீல் சாரைப் பாருங்க! வந்த சுருக்குல தேறினார். கைதட்டி, சான்றிதழ் குடுத்து, 'இனிமே நீங்க இந்தப் பக்கமே வர வேண்டாம்'னு அனுப்பி வச்சோம். இப்ப வீட்ல நிம்மதியா டிவி பார்க்கறார். உங்களுக்கும் அந்த மாதிரி ஆகணும்னு ஆசை இல்லையா?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்து ஏறிய தலைமையாசிரியையின் பெங்குவின், ஆரம்ப இசை முடிவதற்குள் தண்ணீரில் குதித்தது.

இனி மானம் பார்த்துப் பயனில்லை என்று விளையாட்டைக் குழந்தைகள் நிலைக்கு மாற்றினாள். பனிக்கட்டி கால்பந்து மைதானம் மாதிரி விரிந்தது. அதில் விழுவதென்றால் பெங்குவின் நெடுந்தூரம் நடந்து போய்த்தான் விழ வேண்டும். தையல்காரரின் பெங்குவின் நடந்து போய் விழுந்தது. இயந்திரம்தான் கோளாறோ என்று அவளே ஏறிப் பார்த்தாள். கூடை நிறைய மீன் பிடித்தாள். நால்வரும் மனசாரக் கைதட்டினார்கள்.

மாதக் கடைசி வந்தே விட்டது. சாயங்காலம் காபி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பலகையின் ஓரத்திலேயே உட்கார்ந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். நாளையிலேருந்து இந்த ரூமை மூடறாங்க. வக்கீல் சாருக்கு அப்புறம் யாரும் தேறல இல்லையா, அதனால. உங்க மேல தப்பில்ல. எனக்குத்தான் சொல்லிக் குடுக்கத் தெரியல. எனக்கு உங்களை நினைச்சாத்தான் பயமா இருக்கு. வீட்ல பார்த்து நடங்க. ஈரத்துல கால் வைக்காதீங்க."

தபால்காரர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடிகாரக்காரர் எழுந்தார். அறையின் நடுவே, எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நின்றார். மற்ற காலைத் தூக்கி, காலுறையை நிதானமாக இழுத்துவிட்டு, ஷூவை மாட்டி, நாடாவை முடிச்சுப் போட்டார். பிறகு கால் மாற்றி நின்று இன்னொன்றையும் அப்படியே மாட்டினார். ஓர் அசைவில்லை, ஒரு தள்ளாட்டமில்லை. டாக்டரம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"தேறினா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னுதானே டாக்டரம்மா இத்தனை நாளும் பாடுபட்டு விழுந்தோம்" என்றார் அவர். "விழுந்தாலும் வீட்டுக்குத்தான்னு முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"