நடுவர் நடுங்கிய குளிர்காலம்

எங்கள் தமிழ் மன்றத்தின் குளிர்காலக் கவிதைப் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்டார்கள். ஒரே நடுவர். லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வங்காளிகளுக்கு நடுவே இத்தனை தமிழர்கள் இருக்க, என் வீட்டுக் கதவைத் தேடி வந்து தட்டினார் செயலாளர் ஹரிஷங்கர். வங்கியில் கையெழுத்துப் போட்டே காலம் தள்ளியவனுக்குள் ஓர் இலக்கியவாதி இருப்பதை உலகம் கண்டுகொண்டுவிட்டது என்று நினைத்தேன். எவருக்கும் அஞ்சாமல் தீர்ப்புச் சொல்வது என்று அன்றே உறுதி பூண்டேன்.

அந்த உறுதி மாலைக் காபி வரைக்கும் நின்றது.

"ஏன்னா, இந்தத் தடவை நானும் ஒரு கவிதை அனுப்பியிருக்கேன்" என்றாள் என் மனைவி பத்மஜா.

"நீயா? எதைப் பத்தி?"

"குளிரைப் பத்திதான். நம்ம ஆத்துக் குளிரைப் பத்தி."

"என்ன புனைபெயர்?"

"அதைச் சொன்னா போட்டிக்கு என்ன மரியாதை? நடுவர் கேக்கற கேள்வியா இது?"

காபியைக் கீழே வைத்தேன். காரணம் இருக்கிறது. எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பரிசு வாங்குகிறவர் மேடையில் கவிதையைப் படித்துவிட்டு, அது எப்படிப் பிறந்தது என்று மைக்கில் சொல்ல வேண்டும். நம்ம ஆத்துக் குளிர் எப்படிப் பிறந்தது என்று பத்மஜா மைக்கில் சொன்னால், அதன்பின் நான் லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்க முடியாது. பரிசு கொடுக்காவிட்டாலோ, வீட்டில் காபி வாங்க முடியாது.

ஆகவே ஒரு திட்டம் தீட்டினேன். அவளுடையது என்று தோன்றும் கவிதைக்குப் பரிசு கொடுத்துவிடுவது. அதில் உள்ள குறையை விழாவுக்கு முன்பே தீர்த்துவிடுவது. தீர்ந்துபோன குறையை யாரும் மைக்கில் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

கதவைச் சாத்திக்கொண்டு கவிதைகளைப் படித்தேன். முதல் சந்தேகம் இது:

இருவருக்கும் ஒரே கம்பளி.
விடியும்போது
கம்பளி அந்தப் பக்கம்,
குளிர் இந்தப் பக்கம்.

அந்தப் பக்கம் என்பது நான்தான். சந்தேகமே இல்லை. அன்று முதல் முழுக் கம்பளியையும் அவளுக்குப் போர்த்திவிட்டு, நான் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாகத் தூங்கினேன். நிம்மதியாக இருந்திருப்பேன், இன்னொன்று வராமல் இருந்திருந்தால்.

குழாயைத் திறந்தேன்.
மார்கழித் தண்ணீர்
விரலைக் கடித்தது.
தேய்க்க இன்னும் இருக்கிறது குக்கர்.

இதுவும் பத்மஜா மாதிரிதான் இருந்தது. குக்கர் எங்கள் வீட்டிலும் இருக்கிறதே!

"நகரு, நான் தேய்க்கறேன்" என்றேன்.

"எதுக்குன்னா? உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சும்மாதான்."

"அப்ப அந்த வாணலியையும் சேர்த்துக்கோங்கோ."

எதிர் பால்கனியிலிருந்து முகர்ஜி தாதா பார்த்துவிட்டு, பௌதிக்கு, அதாவது பத்மஜாவுக்கு, ஏதாவது ஆபரேஷனா என்று கவலையோடு விசாரித்தார். இல்லை, எனக்குத்தான் என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

மூன்றாவது கவிதையை இரண்டு தடவை படித்தேன்.

ஏரியில் பனி.
எதிர்க்கரை தெரியவில்லை.
வீட்டுக்கு வந்தேன்.
செய்தித்தாளுக்குப் பின்னால்
அவரும் தெரியவில்லை.

நடுவராக அல்ல, புருஷனாகப் படித்தேன். மறுநாள் காலை பேப்பரைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, "வா, லேக் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றேன். பத்மஜா சால்வையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். பனிக்குள் நடந்தோம். அவள் தன் அக்காவைப் பற்றியும் புதிதாகக் கற்றுக்கொண்ட பாட்டைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். வழியில் மண் குவளையில் டீ குடித்தோம். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்திருந்தது. விழா முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன்.

சந்தேகம் மூன்று, பரிசும் மூன்று. எது அவளுடையதாக இருந்தாலும் தப்பாது. ஏரிக்கு முதல் பரிசு, குக்கருக்கு இரண்டாவது, கம்பளிக்கு மூன்றாவது. இத்தனை துல்லியமான தீர்ப்பை எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை.

விழா வந்தது. மேடையில் வெற்றியாளர்களுக்கு அசல் கம்பளிச் சால்வைகளும், புதுவெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு டப்பாக்களும் காத்திருந்தன. முதல் வரிசையில் பட்டுப்புடவையில் பத்மஜா.

"மூன்றாம் பரிசு, ராகுல்!"

ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன் எழுந்து வந்தான். "நானும் சந்தீப்பும் ஒரே ரூம் சார். அவன் ராத்திரி பூரா கம்பளிய இழுத்துக்குவான். அதான் எழுதினேன்" என்றான். ஒரே கைதட்டல்.

போகட்டும், இன்னும் இரண்டு இருக்கிறது.

"இரண்டாம் பரிசு, வெங்கடநாராயணன்!"

கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கைப் பிடித்து ஒப்புக்கொண்டார். "எங்காத்துல பாத்திரம் தேய்க்கறது நான்தான்." அரங்கில் இருந்த கணவர்கள் பலர் தலை குனிந்தார்கள்.

அப்படியானால் முதல் பரிசு பத்மஜாதான். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"முதல் பரிசு, மதுவந்தி!"

புதிதாகக் கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்த பெண். அவள் மைக்கில் பேசப் பேச, பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் கீழே குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பத்மஜாவின் கவிதையை நான் குப்பையில் தள்ளியிருக்கிறேன்! ஸ்வெட்டருக்குள் வேர்த்தது.

விழா முடிந்ததும் அவளிடம் ஓடினேன். "பத்மா, மன்னிச்சுடு. உன்னோடது எதுன்னு எனக்குத் தெரியாமப் போயிடுத்து. எந்தக் கவிதை?"

"எந்தக் கவிதையும் இல்லையே. நான் அனுப்பவே இல்லை."

"அனுப்பினேன்னு சொன்னியே?"

"சொன்னேன். சொன்னதுக்கே ஆத்துல இத்தனை நடந்தது. எழுதி வேற அனுப்பணுமா?"

அதற்குள் ஹரிஷங்கர் சந்தேஷ் டப்பாவோடு வந்தார். "மாமி, நீங்க சொன்ன மாதிரி மாமாவை நடுவராப் போட்டது நல்லதாப் போச்சு. கோடைக்கும் ஒரு போட்டி வெக்கச் சொன்னேளே, அதுக்கும் மாமாவையே போட்டுடட்டுமா?"

"போட்டுடுங்கோ" என்றாள் பத்மஜா. "அவருக்குக் கவிதைன்னா உசிரு."