ஆனந்தராசா அத்தானுக்கு, நான் குரூப்பை விட்டு வெளியேறிய விளக்கம்

பீலெஃபெல்ட், ஜேர்மனி

பருத்தித்துறையில் சுகமாகவும் என்மேல் கோபமாகவும் இருக்கும் அன்புள்ள ஆனந்தராசா அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் பரராசசிங்கம் பணிவுடன் எழுதுவது. நாங்கள் இங்கு நலம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்க இங்குள்ள ஊன்ட்றொப் காமாட்சி அம்மனை வேண்டிக்கொள்கிறோம். அந்த அம்மனின் திருவிழாவில்தான் அத்தான், எல்லா வில்லங்கமும் தொடங்கியது.

தேர் இழுத்துக் களைத்து நின்ற இடத்தில் யாரோ ஒரு பெண் என் மனைவி கமலாம்பிகையிடம் சொல்லியிருக்கிறாள்: "கொழும்பு எயார்போர்ட்டில போனை வாங்கி, உள்ளுக்க இருக்கிறதெல்லாம் பாக்கிறாங்களாம் அக்கா." யாரை, எப்போது பார்த்தார்கள் என்று இவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் போனைப் பறித்து, புலிக்கொடிபோல் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்திருந்த படங்களையெல்லாம் அழிக்கத் தொடங்கிவிட்டாள். மகள் ஆதிரை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படங்கள் போயின. அம்மனின் தேரும் போயிற்று. கால்பந்து வென்ற நாளில் மேல்வீட்டு ஜேர்மன்காரர் கொடி பிடித்து நின்ற படத்திலும் கை வைத்தாள்.

"அது ஜேர்மன் கொடியடி!"

"கறுப்பை ஆர் பாக்கப்போறான்? சிவப்பும் மஞ்சளும் தெரியுதெல்லே."

போர் முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டது, இன்னும் என்ன பயம் என்று நீங்கள் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. 2009இல் டுசல்டோர்ஃப் தெருவில், போரை நிறுத்தச் சொல்லி, குளிரில் விறைத்துக்கொண்டு நானும் பதாகை பிடித்து நின்றேன் அல்லவா? அந்தப் படம் இன்னும் ஏதோ ஓர் இணையத்தளத்தில் கிடக்கிறது. "அதில இவருக்குத் தலைமயிர் இருக்கு, ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது" என்று கமலாம்பிகை தன்னைத் தானே தேற்றிக்கொண்டிருந்தாள். ஆதிரை சும்மா இருந்திருக்கலாம். அவளிடம் ஒரு விஷயம் கேட்பதென்றால் டொக்டரிடம் எடுப்பதுபோல் டெர்மின் எடுக்கவேண்டும், அவ்வளவு வேலை அவளுக்கு. அன்று மட்டும் கேட்காமலே வாய் திறந்தாள்.

"இப்ப கொம்பியூட்டர் முகத்தை வைச்சே பிடிச்சிடும் அம்மா, மொட்டையெண்டாலும்."

அன்றிலிருந்து தாடி வளர்க்கிறேன் அத்தான். கடிக்கிறது. பதாகை பிடித்ததற்கு எனக்கு வெட்கமில்லை. இன்னொரு முறை நிற்கச் சொன்னாலும் நிற்பேன். சொந்த ஊருக்கு, சொந்த அக்காவின் மகளுடைய கலியாணத்துக்குக் கள்ளனைப்போல் முகத்தை மறைத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறதே என்றுதான் பத்திக்கொண்டு வருகிறது.

படங்கள் முடிந்ததும் வாட்ஸ்அப் குரூப்புகளில் கை வைத்தாள். செய்திக் குரூப், ஊர்ச்சங்கக் குரூப், நான் வாய் திறந்தே இராத மரக்கறித் தோட்டக் குரூப் எல்லாவற்றிலிருந்தும் என்னை வெளியேற்றினாள். அந்த வேகத்தில் நம் குடும்பக் குரூப்பிலிருந்தும் வெளியேற்றிவிட்டாள். நீங்கள் சாரங்காவின் கலியாணக் கார்டைப் போட்டிருந்தீர்களாம். அதற்குக் கீழே முதல் வரியாக, 'பரராசசிங்கம் வெளியேறினார்' என்று விழுந்ததாம். தாய்மாமன் நான்! உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் கொதித்திருப்பேன்.

அக்கா உடனே போன் எடுத்தா. கமலாம்பிகை உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சண்டைக்காலத்தில் ஷெல் விழுவதைப் போனில் 'மழை' என்று பேசிய பழக்கம் இவளை விட்டுப் போகவில்லை.

"ஏன் அவன் குரூப்பால போனவன்?"

"இஞ்ச சரியான மழை அக்கா. விளங்குதோ? மழை."

"மழையெண்டா குடையைப் பிடி. குரூப்பால ஏன் போறது?"

அக்கா போனை வைத்துவிட்டா. இனி நானே சமாளிக்கலாம் என்று உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பத் துணிந்தேன். எனக்கு அந்தச் சின்ன எழுத்துகளைத் தட்ட ஏலாது. வாயால் சொன்னால் போனே எழுதும் என்று ஆதிரை காட்டித் தந்திருந்தாள். நான் தெளிவாகத்தான் சொன்னேன்: "அத்தான், உங்கட மகளின்ரை கலியாணத்துக்கு நான் வாறன்." அந்தப் போன் யாழ்ப்பாணத் தமிழைக் காதால் கேட்டதேயில்லைப்போலும். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அனுப்பிவிட்டேன். பிறகு பார்த்தால், 'உங்கள் மகளின் கல்யாணத்துக்கு நான் வரன்' என்று போயிருக்கிறது! அறுபது கடந்த நான், தாடியும் அதுவுமாக, தங்கச் சிலை மாதிரிப் பிள்ளைக்கு வரனாம். நீங்கள் பதில் எழுதவில்லை. என்ன பதில்தான் எழுதமுடியும்?

அதனால்தான் இந்தக் கடதாசி. நாங்கள் இருவரும் கட்டாயம் வருகிறோம். எயார்போர்ட்டில் யாராவது படத்தைக் காட்டிக் கேட்டால், ஓம், அது நான்தான் என்று சொல்லப்போகிறேன். சாரங்காவுக்குத் தாய்மாமனாக நிற்கவேண்டிய இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடாதீர்கள் அத்தான். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். வரும் தேதியை மட்டும் ஒருவரிடமும் சொல்லவேண்டாம், கமலாம்பிகை தாங்கமாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கம். மணப்பெண்ணுக்கு எங்கள் இருவரின் ஆசி. உங்கள் கோபம் ஆற அம்மன் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன் (மட்டுமே),
பரராசசிங்கம்

பி.கு.: முத்திரை வாங்கிவிட்டு வருவதற்குள் கமலாம்பிகை விமானச்சீட்டை, தேதியும் நேரமும் பளிச்சென்று தெரிய, எங்கள் படத்தோடு முகநூலில் போட்டுவிட்டாள். மேலே 'தாய்மண்ணுக்குப் போறம்' என்று எழுத்து. கேட்டால், "எல்லாரும் போடுகினம்" என்கிறாள். அதற்குக் கீழே முதல் ஆளாக நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: 'மேல் அறைக்கு வெள்ளையடிச்சாச்சு. கெதியா வாங்கோ.' உங்கள் கோபம் ஆறிவிட்டது அத்தான், ஆகவே இந்தக் கடிதம் தேவையில்லை. முத்திரை ஒட்டியாகிவிட்டதால் அனுப்புகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.