பற்றரி அண்ணை சத்தத்தைக் கூட்டிய நாள்

திருகோணமலைத் துறைமுகத்தடியில் பற்றரி அண்ணையைப் போலப் பயப்படத் தெரிந்த மனிதர் இன்னும் பிறக்கவில்லை. நாங்கள் ஏதாவது நடந்தால் பயப்படுவோம். அவர் ஒன்றும் நடக்காவிட்டால், "ஏன் ஒண்டும் நடக்கேல்லை?" என்று பயப்படுவார்.

தொழில் அம்ப்ளிஃபயர் திருத்துவது. ஆனால் மின்சாரம் என்றால் நடுக்கம். சுவர் பிளக்கை நம்பாமல், போகும் இடமெல்லாம் கார் பற்றரி ஒன்றைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு திரிவார். தெருவில் மேயும் புள்ளிமானுக்குக்கூட ஒதுங்கி வழிவிடுவார்.

அவர் புளூஸ் என்ற அமெரிக்கச் சோகப் பாட்டுப் பாடினால் உப்புவெளி விடுதிகளில் வெள்ளைக்காரர் கிளாஸை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார்கள். பக்கத்தில் கிட்டாரோடு நான். என் வாசிப்பு தொடங்கியதும் மறுபடி கிளாஸைத் தூக்குவார்கள்.

எங்களுக்குள் ஒரே சண்டை. அமெரிக்காவில் கறுப்பின மனிதர் ஒருவர் ஒற்றைக் கிட்டாரோடு முனகிய வெள்ளப் பாட்டொன்றை, பிறகு வந்த ரொக் இசைக் குழுக்கள் இடிமுழக்கமாக்கின. அவருக்கு முனகல்தான் பாட்டு. எனக்கு இடிமுழக்கம்தான் பிடிக்கும். பிழை விட்டாலும் தெரியாது.

"வாசலிலை வெள்ளம் நிக்குது எண்டு அந்த மனிசன் நடுங்கி நடுங்கிப் பாடுறான். உன்ரை ரொக் பொடியள் வெள்ளத்தோடை சண்டைக்குப் போற மாதிரியெல்லே கத்துறாங்கள். பயம் எங்கையடா?"

"பயத்தை ஆர் அண்ணை காசு குடுத்துக் கேக்கிறது?"

போன ஆடியில் மூதூரில் ஒரு விடுதித் திறப்பு விழாவில் வாசித்தோம். திரும்பிவர பஸ் வேண்டாமாம். பாலத்தில் லொறி இடிக்குமாம். "கடலிலை லொறி வராது அண்ணை" என்று நான் என் அறிவைக் காட்டி, அவரை ஒரு ஃபைபர் படகில் ஏற்றினேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பதைப் பாதி வழியில்தான் சொன்னேன்.

அதைக் கேட்டதுபோல் எஞ்சின் இருமி, நின்றுவிட்டது.

கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் காலம். படகு தானாகவே வெளிக்கடல் பக்கம் திரும்பியது. ஓட்டி வந்த முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு நானா, எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்க" என்றார். மறுபடியும் சொன்னார், மெதுவாக. பிறகு கயிற்றை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். என் போன் கடல்நீர் குடித்துச் செத்திருந்தது. நானாவுடையதில் சார்ஜ் இல்லை. வெடிக்கும் என்ற பயத்தில் பற்றரி அண்ணை போன் வைத்திருப்பதே இல்லை. மூதூர்ப் பள்ளிவாசல் கோபுரம் தீக்குச்சியளவு சிறுத்தது.

"நானா, இப்பிடியே போனா அங்கால என்ன கிடக்கு?"

"அந்தமான்."

ஒரு அலை மடியில் வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால், பற்றரி அண்ணை தன் சட்டையைக் கழற்றிப் பற்றரிக்குப் போர்த்திவிட்டு, பல் கிடுகிடுக்க அம்ப்ளிஃபயருக்கு வயர் கொழுவுகிறார்.

"கிட்டாரை எடு."

"இப்பவா?"

"காத்து கடலுக்குத்தான் போகுது. அங்காலை மீன்பிடி வள்ளங்கள் நிக்கும். சத்தமும் காத்தோடை போகும்."

"புளூஸா, ரொக்கா அண்ணை?"

"ரொக்கடா! விசரா, ரொக்!"

சத்தக் குமிழைக் கடைசி மட்டும் திருகினார். அதே வெள்ளப் பாட்டுத்தான். தொண்டை கிழியக் கத்தினார். நான் தெரிந்த பிழைகளையெல்லாம் முழுச் சத்தத்தில் வாசித்தேன். விரல் வெடித்து இரத்தம் வந்தது. நிறுத்தப் பயமாக இருந்தது. நிறுத்தினால் அலைச்சத்தம் மட்டும்தானே கேட்கும்?

வெயில் சாயும் நேரத்தில் சல்லி என்ற ஊர் மீனவரின் வள்ளம் ஒன்று எங்களை நோக்கி வந்தது. "ஆரோ அடிபடுறாங்கள் எண்டு விலக்குப் பிடிக்க வந்தனாங்கள்" என்றார் அதிலிருந்தவர்.

அவர்கள் கயிறு கட்டி இழுத்துப் போகையில் பற்றரி அண்ணை வயரைக் கழற்றிவிட்டு என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு, கத்திக் கம்மிய குரலில் சொன்னார்: "இப்பதான் விளங்குது. உன்ரை ரொக் பொடியளும் பயந்துபோய்த்தான் கத்தியிருக்கிறாங்கள்."

துறைமுகத்து இறங்குதுறையில் ஏறி நின்றோம். அவர் கை என் பெல்ட்டை விடவில்லை.

"கரை வந்திட்டுது அண்ணை. பயப்பிடாதேங்கோ, விடுங்கோ."

"எனக்கு நீந்தத் தெரியும். பயம் உனக்காகத்தான். கொஞ்சம் பொறு."

காலுக்குக் கீழே காய்ந்த சிமெந்துத் தரை. நான் பொறுத்தேன்.