மகுடம் கழற்றும் வழக்கம்

நலம்பாடி என்றொரு நாடு இருந்தது. மற்ற நாடுகளைப் போலவே அங்கும் மனிதர்கள் செத்தார்கள். ஆனால் குடிமக்களில் யார் இறந்தாலும் அரண்மனைப் படியில் அவர் பெயரை உரக்கச் சொல்வார்கள். சொல்லி முடியும்வரை மன்னர் மகுடத்தைக் கழற்றிக் கையில் வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். பிச்சைக்காரனுக்கும் இதே மரியாதைதான். அந்த நாட்டில் உருப்படியாக இருந்த சட்டம் அது ஒன்றுதான் என்பது என் கருத்து.

ஒரு பங்குனியில் இருமல் காய்ச்சல் வந்தது. தினமும் முப்பது நாற்பது பெயர்கள். மன்னரின் தலையில் மகுடம் தங்கவே இல்லை. அயல்நாட்டுத் தூதர்கள்கூட அவரை வழுக்கைத் தலையோடுதான் பார்த்துவிட்டுப் போனார்கள். தேர்தலுக்கு ஐந்து மாதம் இருந்தது. நலம்பாடியில் மன்னருக்கும் தேர்தல் உண்டு. ஒருவர்தான் நிற்பார் என்பது வேறு விஷயம்.

நலத்துறை அமைச்சர் பூவராகர் வழி கண்டுபிடித்தார்.

"சொந்த வீட்டில் வசிப்பவரே குடிமகன். வீட்டை விட்டு மூத்தோர் இல்லத்தில் தங்கியிருப்போர் அரசின் விருந்தினர். விருந்தினர் இறப்பதில்லை. விடைபெறுகிறார்கள்" என்று அவையில் விளக்கினார். அவை மேசையைத் தட்டி ஆமோதித்தது.

மூத்தோர் இல்லம் ஊர் எல்லையில் இருந்தது. நாற்பத்து மூன்று பேர். குளிப்பாட்ட, ஊட்ட, புரட்டிப் படுக்கவைக்க செங்கமலம் என்ற ஒரே பணிப்பெண். அதுவரை அங்கே ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

அடுத்த ஆணை, அரசு மருத்துவமனை காலியாகத் தெரிய வேண்டும் என்பது. இருமல் நிற்காதவர்களை வண்டியில் ஏற்றி மூத்தோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். செங்கமலம் வாசலை மறித்து நின்றாள்.

"ஐயா, இவங்கள இங்க படுக்க வெச்சா எங்காளுங்க ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டாங்க."

"படுக்கை இருக்குமிடத்துக்கு நோயாளி செல்வது இயற்கை நியதி, அம்மணி" என்றார் அதிகாரி.

அவள் முகத்தில் கட்டத் துணி கேட்டாள். துணியெல்லாம் தேர்தல் தோரணத்துக்குப் போயிருந்தது. அதற்குப் பதிலாக, அவளைப் பாராட்டி வெள்ளிக்கிழமை மாலை நாடே கைதட்ட வேண்டும் என்று மன்னர் ஆணையிட்டார். ஒரு நாழிகை தட்டினார்கள். அந்த ஒரு நாழிகைக்குள் அவள் இரண்டு பேருடைய கண்களை மூடினாள்.

பிறகு மூத்தோரின் பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்றார்கள். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பார்ப்பது கவலையைப் பெருக்கும் என்று ஜன்னல்களுக்கும் பலகை அடித்தார்கள்.

ஏழாவது கட்டிலில் விருத்தகிரி இருந்தார். நாற்பது வருடம் அரண்மனைப் படியில் நின்று இறந்தவர்களின் பெயரைச் சொன்னவர் அவர்தான். ஒவ்வொரு கட்டிலாகக் காலியாக, படுத்தபடியே அந்தப் பெயர்களைச் சொன்னார். பலகையைத் தாண்டி அது யாருக்கும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன பேரச் சொல்லியிருப்பேன். எம்பேரச் சொல்ல ஆள் இருக்குமா தாயி?"

"சொல்ல வெக்கிறேங்கய்யா" என்றாள்.

மூன்றாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். அவள் அரண்மனைக்குப் போய், அவர் பெயரைப் படியில் சொல்லும்படி கேட்டாள். விருந்தினர் பட்டியலில் விருத்தகிரி நலமாக இருப்பதாகப் பூவராகர் சொன்னார். பிறகும் பதினோரு நாள் போனாள். பதினோரு நாளும் காவலன் திருப்பி அனுப்பினான். ஆடி பிறந்தபோது நாற்பத்து மூன்று கட்டில்களும் காலி.

ஆவணியில் தேர்தல் நடந்தது. விருந்தினருக்கும் வாக்கு உண்டு. அவர்களில் யாரும் இறக்கவில்லை அல்லவா? அதிகாரிகள் வாக்குப் பெட்டியோடு மூத்தோர் இல்லத்துக்குள் போனார்கள், கதவைச் சாத்தினார்கள், வெளியே வந்தார்கள். நாற்பத்து மூன்று வாக்கும் மன்னருக்கே.

ஒருவர் விடாமல் வாக்களித்த இடத்தின் வாக்காளர் பெயர்களை அரண்மனைப் படியில் வாசித்து நன்றி சொல்வது வெற்றி விழா மரபு. அந்த வருடம் அந்தப் பெருமை மூத்தோர் இல்லத்துக்கு மட்டுமே கிடைத்தது. பூவராகரே பட்டியலை விரித்து உற்சாகமாகத் தொடங்கினார்.

"தாயாரம்மாள். கோதண்டபாணி. மரகதவல்லி..."

நான்காவது பெயரில் கூட்டத்தில் ஒருவன் எழுந்தான். அது அவன் அப்பாவின் பெயர். பிறகு ஒரு பெண். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். அந்தப் படியிலிருந்து பெயர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். பத்தாவது பெயரில் மன்னரின் கை, பழகிய கை, தானாக மகுடத்தைக் கழற்றியது. பூவராகருக்கு வியர்த்தது. நிறுத்தினால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதனால் கடைசிவரை வாசித்தார்.

"விருத்தகிரி."

"கேட்டுக்கங்கய்யா" என்றாள் கடைசி வரிசையில் நின்ற செங்கமலம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து, ஒரு நாழிகை கைதட்டல் என்று எழுதியிருந்தது. பூவராகர் காத்திருந்தார். யாரும் உட்காரவில்லை.